உப்புத்தாள்: எந்த நம்பர், எந்த வேலைக்கு?

சொரசொரப்பான பலகையை உப்புத்தாளால் தேய்க்கிறோம். கொஞ்ச நேரத்தில் அது வழவழவென்று ஆகிவிடுகிறது. மேட்டையெல்லாம் தாள் அழுத்தி நிரவிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே நடந்தது முழுக்க முழுக்கக் கீறல்தான். தாளில் ஒட்டியிருக்கும் கூர்மையான துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளிபோல மரத்தைச் சுரண்டிக்கொண்டு போகிறது. தேய்த்து முடித்த பரப்பிலும் கீறல்கள் இருக்கும். அவை கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத அளவுக்குச் சிறுத்துப்போனதால் நாம் அதை வழவழப்பு என்கிறோம்.

பெரிய கீறலை அழிக்க அதைவிடச் சிறிய கீறல், அதை அழிக்க இன்னும் சிறியது. உப்புத்தாள் வேலை அவ்வளவுதான். எந்த நம்பர் வாங்குவது, எந்தப் பக்கமாகத் தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதிலிருந்தே வருகிறது.

தாளின் முதுகில் இருக்கும் எண்

தாளைத் திருப்பினால் 60, 80, 120, 220, 400 என்று ஏதாவது ஓர் எண் அச்சாகியிருக்கும். எண் சிறியதென்றால் துகள் பெரியது. எண் ஏற ஏறத் துகள் பொடியாகிக்கொண்டே போகும். புதிதாக வாங்குகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்த எண்கள் சல்லடையிலிருந்து வந்தவை. துகள்களைப் பருமன்வாரியாகச் சலித்துப் பிரிக்கும்போது, சல்லடையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை கண்கள் இருக்கின்றனவோ, ஏறக்குறைய அதுவே துகளின் எண். 60 கண் உள்ள சல்லடையில் ஓட்டை பெரிது. அதில் விழும் துகளும் பெரிது. 220-ஐத் தாண்டினால் சல்லடை உதவாது. அவ்வளவு நைசான பொடியை நீரில் கலக்கி, அது அடியில் படியும் வேகத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள்.

அளவு தெரிந்தால் இன்னும் தெளிவாகும். 80 நம்பர் தாளில் ஒரு துகள் சராசரியாக 0.2 மில்லிமீட்டர். 220-இல் அது 0.068 மில்லிமீட்டர்; கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். 1000-இல் 0.018, 2000-இல் 0.010 மில்லிமீட்டர். 2000 நம்பர் தாளை விரலால் தடவினால் சாதாரணக் காகிதம் போலத்தான் இருக்கும். ஆனால் காரின் பெயின்ட்மேல் தேய்த்துப் பாருங்கள், பளபளப்பு போய் மங்கிவிடும்.

சில தாள்களில் எண்ணுக்கு முன்னால் ‘பி’ என்ற எழுத்து இருக்கும். அது ஐரோப்பிய அளவுமுறை. இன்று உலகின் பெரும்பகுதியில் புழங்குவது அதுதான். அந்த எழுத்து இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அது அமெரிக்க முறையாக இருக்கலாம். 220 வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதற்கு மேலே பாதை பிரிகிறது: அமெரிக்க 400 என்பது ஏறக்குறைய பி800, அமெரிக்க 600 என்பது ஏறக்குறைய பி1200. மரவேலைக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பாலிஷ் வேலையில் இரண்டையும் கலந்து பயன்படுத்தினால்தான் குழப்பம் வரும்; 400-இலிருந்து 600-க்குப் போனதாக நினைத்துக்கொண்டு பின்னோக்கிப் போயிருப்பீர்கள்.

துகள் எதனால் ஆனது

உப்புத்தாள், மணல்தாள் என்று பெயரில்தான் உப்பும் மணலும். இன்றைய தாளில் இரண்டுமே கிடையாது. 13-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் பொடித்த கிளிஞ்சல், விதை, மணல் ஆகியவற்றை இயற்கைப் பிசினால் தோல்தாளில் ஒட்டிப் பயன்படுத்தினார்கள். சுறாவின் தோலையே அப்படியே எடுத்துத் தேய்த்ததும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடித்தூள் ஒட்டிய தாள்கள் தொழிற்சாலையில் தயாராயின. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டே வகை.

பழுப்பு, வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மரம், சுவர், இரும்பு என எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும். தேய்க்கும்போது துகளின் முனை மழுங்கினால் அது உடைந்து புதிய முனை வெளிவரும். அதனால் நீண்ட நேரம் உழைக்கும். வீட்டுக்கு ஒரே வகைதான் வாங்குவேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

கறுப்பாக இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. 1891-இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன், செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் களிமண்ணையும் நிலக்கரிக் கோக்கையும் மின்சாரத்தால் சூடேற்றியபோது கிடைத்த பளபளக்கும் படிகங்கள் இவை. வைரம் கிடைக்கவில்லை. ஆனால் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமான, கத்தி முனைபோல் கூரான ஒரு துகள் கிடைத்தது. கூர்மை அதிகம் என்றாலும் எளிதில் நொறுங்கும். அதனால் மரத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கண்ணாடி, கல், பிளாஸ்டிக், உலோகம், பெயின்ட் பூச்சு ஆகியவற்றில் இதற்கு நிகரில்லை.

மற்றவை சுருக்கமாக. கார்னெட் என்பது செந்நிற இயற்கைக் கல். மரத்தைக் கையால் தேய்க்கிறவர்களில் பலருக்கு இன்னும் பிடித்தது. எமரி என்பதும் இயற்கைக் கல்தான். துணியில் ஒட்டி உலோகத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நீலம் அல்லது பச்சையில் வரும் சிர்கோனியா, அதைவிட விலை கூடிய செராமிக் இரண்டும் இயந்திரத்துக்கானவை. நல்ல அழுத்தம் இருந்தால்தான் அவற்றின் துகள் உடைந்து புது முனை கொடுக்கும். கையால் தேய்த்தால் அந்தப் பணம் வீண். நிறத்தை மட்டும் நம்பி வகையைத் தீர்மானிக்க வேண்டாம், தயாரிப்பாளர்கள் விருப்பம்போலச் சாயம் ஏற்றுகிறார்கள். முதுகில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதே சரி.

முதுகும் முக்கியம்தான். காகிதத்தின் கனத்தை ஏ முதல் எஃப் வரை எழுத்தால் குறிப்பார்கள். ஏ மெலிசு, வளைவுகளுக்கு ஏற்றது. எழுத்து போகப்போகத் தடிமன் கூடும். துணி முதுகு கிழியாது. குழாய், கம்பி போன்ற உருண்டையான பொருள்களைச் சுற்றித் துண்டுபோல இழுத்துத் தேய்க்க அதுதான் சரி. ஸ்பாஞ்சில் ஒட்டியவை நெளிவுசுளிவுகளுக்கு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: துகள்கள் இடைவெளி விட்டு ஒட்டப்பட்டிருக்கின்றனவா, நெருக்கமாகவா? மரத்தூளும் பெயின்ட் தூளும் இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு இடைவெளி விட்ட தாள் நல்லது. உலோகத்துக்கு நெருக்கமானது. சில தாள்களின் மேல் வெள்ளைப் பவுடர் பூசியதுபோல் இருக்கும். தரக்குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தூள் ஒட்டாமல் இருக்கப் பூசிய சோப்பு போன்ற பொருள் அது.

மரம்: படிப்படியாக

உப்புத்தாளின் குணம் முழுதாகத் தெரிவது மரத்தில்தான்.

இழைப்புளியின் தடமோ ரம்பத்தின் தடமோ பழைய வார்னிஷோ இருந்தால் 80-இல் தொடங்கலாம். ஏற்கெனவே ஓரளவு நைசாக இருக்கும் பலகைக்கு 120 போதும். அதற்குப் பிறகு 180, பிறகு 220. ஒவ்வொரு தாவலும் முந்தைய எண்ணைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. அவசரப்பட்டு 80-இலிருந்து நேராக 220-க்குத் தாவினால் என்ன ஆகும்? 80 போட்ட ஆழமான கீறல்களின் அடிவரை 220 சீக்கிரம் இறங்காது. மேட்டை மட்டும் மழமழப்பாக்கிவிட்டுப் போய்விடும். கை வைத்தால் நன்றாக இருக்கும், கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. ஸ்டெயினோ வார்னிஷோ பூசிய அடுத்த நிமிடம், சாயம் அந்தக் கீறல்களுக்குள் இறங்கி, அத்தனையும் கறுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கும். அப்போது முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

முதல் நம்பரில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். பள்ளம், மேடு, தடம் எல்லாம் போக வேண்டியது அந்தக் கட்டத்தில். அடுத்தடுத்த தாள்களுக்கு முந்தைய தாளின் கீறலை அழிப்பது ஒன்றே வேலை. அவை சீக்கிரம் முடிந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் இதை மாற்றிச் செய்கிறார்கள். முதல் தாளில் நாலு இழுப்பு, கடைசித் தாளில் அரை மணி நேரம்.

ஒரு கட்டம் முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்குங்கள். எல்லாக் கிறுக்கலும் மறையும்வரை சீராகத் தேய்த்தால் பரப்பு முழுவதையும் தாள் தொட்டுவிட்டது என்று பொருள். ஓரிடத்தில் கோடு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம். அத்துடன், டார்ச்சைப் பலகையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மேலிருந்து தெரியாத கீறல்கள் நிழலோடு தெரியும். அடுத்த நம்பருக்குப் போகுமுன் தூளைத் துடைத்துவிட வேண்டும். பழைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு பெரிய துகள் சிக்கினாலும், நைசான தாளுக்கடியில் உருண்டு புதிய கீறல் போட்டுவிடும்.

திசை விஷயத்தில் மரம் மன்னிக்காது. ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தால் கீறல்கள் ரேகைக்கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். குறுக்கே தேய்த்தால் நார்கள் அறுபடும். அந்தக் கோடுகள் நைசான தாளிலும் எளிதில் போகாது. இரண்டு சட்டங்கள் செங்குத்தாகச் சேரும் இடத்தில் என்ன செய்வது? மற்றொன்றில் போய் முட்டி நிற்கும் சட்டத்தை முதலில் தேய்க்க வேண்டும். அப்போது அடுத்த சட்டத்தின்மேல் கொஞ்சம் குறுக்குக் கீறல் விழும், பரவாயில்லை. பிறகு அந்தச் சட்டத்தை அதன் ரேகையோடு தேய்க்கும்போது அது அழிந்துவிடும். வரிசை மாறினால் அந்தக் கீறல் அங்கேயே நின்றுவிடும்.

தட்டையான பரப்பை வெறும் விரலால் தேய்க்கக் கூடாது. விரல் நுனி அழுந்தும் இடமெல்லாம் வாய்க்கால் விழும்; மரத்தின் மென்மையான பகுதி கடினமான பகுதியைவிட வேகமாகக் குழியும். கைக்கு அடக்கமான ஒரு மரக்கட்டையில் ரப்பரோ கார்க்கோ ஒட்டி, அதில் தாளைச் சுற்றிக்கொண்டால் போதும். வளைவான இடத்துக்கு அந்த வளைவுக்கேற்ற குழாயில் சுற்றிக்கொள்ளலாம்.

பிளைவுட்டில் 80-ஐக் கொண்டுபோக வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் அழகான மரப்படலம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓரங்களில் அது நொடியில் போய், கீழே இருக்கும் பசையும் அடுத்த அடுக்கும் தெரியும். 150-க்கு மேல் தொடங்கி, கை லேசாக வைப்பது நல்லது.

எவ்வளவு தூரம் போகலாம்? சாயம் ஏற்றப் போகிறீர்கள் என்றால் 180 அல்லது 220-இல் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் மரம் மெருகேறிச் சாயத்தைக் குடிக்காது, நிறம் வெளிறி நிற்கும். பலகையின் வெட்டுமுகம், அதாவது ரேகை முடியும் முனைப்பக்கம், நேர் எதிர். அது சாயத்தை உறிஞ்சிக் கருத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் ஒரு நம்பர் கூட்டித் தேய்க்கலாம். தண்ணீர் கலந்த வார்னிஷ் பூசுவதாக இருந்தால், அதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை 220-ஆல் மெல்லத் தட்டிவிட்டால், வார்னிஷ் காய்ந்தபின் சொரசொரப்பு வராது.

இரண்டு கோட்டிங்குக்கு நடுவே 320 அல்லது 400-ஆல் லேசாகத் தேய்ப்பது வழக்கம். தூசி முட்டுகள் போகும், அடுத்த பூச்சு பிடிக்கவும் கீறல் கிடைக்கும். தேய்க்கும்போது வெள்ளைப் பொடியாக வந்தால் பூச்சு காய்ந்திருக்கிறது. பிசுபிசுவென்று உருண்டு தாளில் ஒட்டினால் காயவில்லை, அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பிடிப்புக்காகக் கீறுவது

எல்லா நேரமும் வழவழப்புக்காகத் தேய்ப்பதில்லை. சைக்கிள் ட்யூபில் பஞ்சர் ஒட்டும்போது ஓட்டையைச் சுற்றித் தேய்ப்பது, ரப்பரின் மேல்தோலை நீக்கி, சொல்யூஷன் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு உண்டாக்கத்தான். பளபளப்பான பழைய பெயின்ட் மேல் புதிய பெயின்ட் அடித்தால் உரிந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. 180 அல்லது 220-ஆல் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்துத் தூளைத் துடைத்தால் போதும். புதுச் செருப்பு வழுக்கினால் அடிப்பாகத்தை 60 அல்லது 80-ஆல் நாலு தேய் தேய்க்கலாம்.

சுவருக்குப் பட்டி போட்டுக் காய்ந்தபின் 150 அல்லது 180, பிறகு 220. பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்துக்கொண்டு தேய்த்தால் மேடு பள்ளம் அப்போதே தெரியும். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்து முடித்த பிறகு தெரியும். பட்டி மென்மையானது, பலம் கொடுத்துத் தேய்த்தால் பள்ளம் விழும்.

இரும்பும் தண்ணீரும்

துருப்பிடித்த கிரில் கம்பிக்கு 60 அல்லது 80-இல் தொடங்கி, துரு போனதும் 120, 180 என்று வந்து, உடனே பிரைமர் அடித்துவிட வேண்டும். பளபளப்பு வரும்வரை தேய்ப்பது வீண்வேலை. பிரைமருக்குப் பிடிப்பு வேண்டும். அதோடு, தேய்த்த இரும்பைக் காற்றில் விட்டுவைத்தால் மறுபடி துருவேறும்.

பளபளப்புதான் வேண்டும் என்றால் 400, 600, 800, 1000, 1500, 2000 என்று போக வேண்டும். உலோகத்துக்கு ரேகை இல்லை என்பதால் இங்கே ஒரு நல்ல உத்தி உண்டு. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். 400-ஐ நெடுக்குவாட்டில் தேய்த்தால் 600-ஐக் குறுக்குவாட்டில். நெடுக்குக் கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

இவ்வளவு நைசான தாள் உலர்ந்த நிலையில் சில இழுப்பிலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் வாட்டர் பேப்பர். தண்ணீர் தூளைக் கழுவிக்கொண்டே போகும், சூட்டைக் குறைக்கும், தூசியும் பறக்காது. 1920-களில் கார் தொழிற்சாலைகளில் பெயின்ட்டை உலரத் தேய்த்த தொழிலாளிகள் ஈயம் கலந்த தூசியைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடித்த, தண்ணீரில் கரையாத பசை கொண்ட தாளை 3எம் நிறுவனம் 1921-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் கார் பட்டறைகளில் வேலை நடக்கும் விதமே மாறியது. பயன்படுத்துமுன் தாளைச் சில நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு ஓடும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போடாத சாதாரணத் தாளை நனைத்தால் கூழாகிவிடும். மரத்திலும் சுவர்ப் பட்டியிலும் தண்ணீர் வேண்டாம்.

மஞ்சளடித்த கார் முகப்பு விளக்கைத் தெளிவாக்குவதும் இதே வாட்டர் பேப்பர் வேலைதான்: 800 அல்லது 1000-இல் தொடங்கி 1500, 2000, 3000, பிறகு பாலிஷ். ஆனால் மஞ்சளோடு சேர்ந்து, வெயிலைத் தடுக்கும் மேற்பூச்சும் போய்விடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மறுபடி போடாவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

எங்கே வேண்டாம் என்பதற்கும் ஒரு வரி. நான்ஸ்டிக் பாத்திரம், மூக்குக்கண்ணாடி, முலாம் பூசிய நகை ஆகியவற்றின் பக்கம் எந்த நம்பரையும் கொண்டுபோகாதீர்கள். மின் மோட்டாரின் கம்யூட்டேட்டரை (செப்புப் பட்டைகள் பதித்த சுழலும் உருளை) எமரித் துணியால் தேய்க்கக் கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். எமரித் தூளில் இரும்பு கலந்திருக்கும். அது செப்புப் பட்டைகளுக்கு நடுவே தங்கி ஷார்ட் ஆக்கிவிடலாம்.

தூசியும் தேய்ந்த தாளும்

மரத்தூள் இயற்கையானதுதானே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகத்தோடு பொருந்தும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் தேய்க்க வேண்டும். மிகப் பழைய கட்டடத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் தொடவே வேண்டாம்.

தாளைக் கிழிக்க, துகள் பக்கத்தைக் கீழே வைத்து, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து இழுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் கத்தரி மழுங்கும். கைத்துண்டை இரண்டாக மடிப்பதைவிட மூன்றாக மடிப்பது மேல். துகள் பக்கம் துகள் பக்கத்தோடு உரசாது, உள்ளே ஒரு புதிய பக்கமும் காத்திருக்கும். ஈரமில்லாத இடத்தில் தட்டையாக அடுக்கி வைத்தால் சுருளாது.

தேய்ந்துபோன 120 தாள் 220 ஆகிவிடும் என்று சிலர் எடுத்து வைப்பார்கள். ஆகாது. துகள் மழுங்குமே தவிர ஒரே சீராகச் சிறுக்காது. வெட்டுவதற்குப் பதில் உரசிச் சூடாக்கும், நடுவே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கூர்த்துகள்கள் ஆழக் கீறும். தூள் அடைத்த தாளைத் தட்டியோ பழைய பிரஷ்ஷால் தேய்த்தோ கொஞ்சம் மீட்கலாம். அப்படியும் தாள் பிடிப்பில்லாமல் வழுக்கினால், கை கூடுதலாக அழுத்தத் தொடங்கினால், புதிய துண்டு எடுக்கும் நேரம்.

முதன்முதலாக வாங்குகிறவர் அலுமினியம் ஆக்சைடில் 80, 120, 180, 220, 320 ஆகியவற்றில் இரண்டிரண்டு தாளும், கறுப்பு வாட்டர் பேப்பரில் 400, 1000 ஒவ்வொன்றும் வைத்துக்கொண்டால் வீட்டில் வரும் வேலைகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். மற்ற நம்பர்களை வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.